குளமும் பறவையும் கமமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையிலே பேசும்படி நம்மைப் பணித்தபோது, சமயப் பொருள் ஒன்றைப் பற்றியே பேசுவோம் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். சமயம் பேசுதற்குக் கற்றறிந்த பெரியோர் பலர் இங்கே உளர். நாமோ மிஷன் பாடசாலையிலே படித்து, இப்பொழுது சர்வகலாசாலையிலே உயிரியல் பயிலும் மாணவர். தேவாரம் பாடக் கற்றது வீட்டிலும் இச்சங்கத்திலுமேயாம். ஆதலால், நமக்குச் சிறிது தெரிந்த பொருளாகிய குளத்தைப் பற்றியும், அக்குளத்தை நாடி வரும் பறவைகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். குளக்கட்டிலே பிள்ளையாரை இருத்தி, அவருக்குப் பொங்கலிட்ட பின்னரே வயலில் இறங்கும் மக்களாகிய நமக்கு இஃது அந்நியப் பொருள் அன்று.

முதலிலே நம்முடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஆடி மாதத்திலே நம் சங்கத்து வாலிபர் நாற்பது பேர் கூடி, ஊரின் சிறு குளத்திலே சிரமதானம் செய்தோம். வற்றிக் கிடந்த குளத்தின் கோரையையும் சம்பையும் ஒன்றும் விடாமல் வெட்டினோம். அலைகரையில் நின்ற பற்றைகளையும் சிறு மரங்களையும் தறித்தோம். எல்லாவற்றையும் குவித்து நெருப்பு வைத்தோம். மாலையிலே குளம் முற்றம் போலத் துப்புரவாக இருந்தது. அதன் கட்டிலே நின்று படமும் எடுத்துக்கொண்டோம். அவ்வழியே மாடு சாய்த்து வந்த முதிய கமக்காரர் ஒருவர் சற்றே நின்று பார்த்து, “தம்பியவை, குளத்துக்கு மொட்டை அடிச்சுப் போட்டியளே!” என்றார். நாம் அதை வேடிக்கையாகக் கொண்டு சிரித்தோம்.

மாரி வந்தது, குளம் நிரம்பிற்று. காற்றடித்த நாட்களிலே தடுப்பார் இன்றி வந்த அலை, கட்டின் உட்புறத்தை அரித்தது. மேட்டுநிலத்து மண் வடிகட்டுவார் இன்றி நேரே குளத்துள் இறங்கிற்று. ஆண்டுதோறும் மார்கழியிலே கூட்டமாக வந்து இறங்கும் சிறகிகள் ஒருமுறை வட்டமிட்டுப் பார்த்துவிட்டு அப்பாற் சென்றன. தூண்டில் போடும் சிறுவர்கள் மீன் குறைந்துவிட்டது என்றார்கள். முதியவர் சொன்னது வேடிக்கை அன்று என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. நல்லெண்ணம் மாத்திரம் போதாது, செய்யும் வேலையின் தன்மையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்ற பாடத்தைக் குளமே நமக்குப் புகட்டிற்று. அப்பாடத்தின் விரிவே இன்றைய பேச்சு.

அன்பர்களே, குளம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை எவை? கட்டு, துருசு, வான், வாய்க்கால் என்பனவே. இவை மனிதன் கட்டியவை. ஆனால் நீர் ஏறியும் இறங்கியும் வரும் ஆழங்குறைந்த ஓரமாகிய அலைகரையும், அதிலே முளைக்கும் கோரையும், அதற்கு மேலே நிற்கும் மருதும் நாவலும், மழைநீரைச் சேர்த்துத் தரும் காடும் குளத்தின் உறுப்புக்களே. கட்டு குளத்தின் முதுகெலும்பு என்றால், அலைகரை அதன் வயிறு. உண்பதும் உண்பிப்பதும் அங்கேதான் நடைபெறுகின்றன.

நமது வன்னியிலே எந்தக் குளமும் தனித்து நிற்பதன்று. கனகராயன் ஆற்றைப் பாருங்கள். அது வவுனியாப் பகுதியிலே தொடங்கி, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவை நிரப்பி, அதற்கு அப்பால் சுண்டிக்குளம் கடனீரேரியிலே கலக்கின்றது. வவுனியாவிலே காடு வெட்டினால் இரணைமடுவிலே மண் சேரும். இரணைமடுவிலே வான் பாய்ந்தால் சுண்டிக்குளத்திலே உப்பு குறையும். பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் பழங்காலத்தது. அது காடேறிக் கிடந்து, 1950களிலே மீண்டும் திருத்தப்பட்டது. இரணைமடுவோ 1902 அளவிலே தொடங்கப்பெற்று, 1920களின் முற்பகுதியிலே பயன்பாட்டுக்கு வந்து, பின்னரும் பலமுறை உயர்த்தப்பட்டது. குளத்தைக் கட்டுவதும், அழிவதும், மீளத் திருத்துவதும் இம்மண்ணின் சரித்திரம் என்றே சொல்லலாம். இலங்கையின் உலர்வலயத்திலுள்ள இத்தகைய தொடர்குளங்களையும் அவற்றோடிணைந்த கிராம வாழ்வையும் உலக உணவு விவசாய நிறுவனம் பேணத்தக்க விவசாய மரபுரிமையாக ஏற்றுள்ளது.

இனி, பறவைகளின் வரவைக் கவனிப்போம். நாரை ஒன்று தென்குமரியிலே நீராடிவிட்டு வடக்கே திரும்பும்போது, வழியிலே தன் ஊர் வாவியிலே தங்கிச் செல்லும்படி சத்திமுத்தப் புலவர் வேண்டிய பாட்டைச் சிறுவயதிலே நாம் யாவரும் படித்திருக்கின்றோம். வறுமையிலே வாடிய புலவர் மனைவிக்குத் தூது அனுப்பினார் என்று மாத்திரம் நமக்குக் கற்பித்தார்கள். ஆனால் அப்பாட்டிலே உயிரியலும் உண்டு. பறவை திசையறிந்து பருவந்தோறும் போய்வருகின்றது என்பதையும், அந்த நெடுவழியிலே அதற்குத் தங்குமடமாக இருப்பது ஊர்க்குளமே என்பதையும் புலவர் அறிந்திருந்தார்.

இக்காலத்து அறிஞர் அந்த வழியை மத்திய ஆசிய வலசைப்பாதை என்கின்றனர். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்த ஊசிவால் வாத்துக்களும் நீலச்சிறகிகளும் உள்ளான்களும், அங்கே நீர் உறையத் தொடங்குமுன் புறப்பட்டு, புரட்டாதி ஐப்பசி அளவிலே நம் நாட்டை வந்தடைகின்றன. பங்குனி சித்திரையிலே திரும்புகின்றன. இலங்கைக்குத் தெற்கே பெருங்கடலே உள்ளது. தென்துருவப் பனிநிலம் வரையிலே வேறு பெருநிலம் இல்லை. ஆகவே அவ்வழியின் கடைசி மடம் நமது நாடே. மடத்துக் கதவு சாத்தியிருந்தால் வழிப்போக்கன் அடுத்த ஊருக்கு நடக்கலாம். கடைசி மடமும் சாத்தியிருந்தால் அவன் எங்கே போவான்?

வந்த விருந்துக்கு உணவு எப்படிக் கிடைக்கின்றது? இங்கேதான் வற்றுதலின் பெருமை தெரிகின்றது. கோடையிலே குளம் வற்றும்போது நாம் அதைக் குளத்தின் சாவாக நினைக்கின்றோம். அது சாவு அன்று, குளத்தின் ஓய்வு. வற்றிய சேற்றிலே வெயில் படுகின்றது. மக்கிய இலை உரமாகின்றது. புல்லும் கோரையும் முளைத்து விதை சொரிகின்றன. மாரியிலே நீர் ஏறியதும் அவ்விதைகளும், அழுகும் தாளிலே பெருகும் புழுபூச்சிகளும் தாராக்களுக்கு உணவாகின்றன. ஊசிவால் வாத்து முதலியவை ஆழத்திலே மூழ்கி இரை தேடுவன அல்ல. தலையை நீருள்ளே விட்டு வாலை மேலே தூக்கி, எட்டிய அளவிலே தின்பன. ஓரடி ஆழத்துக்கு மேற்பட்ட நீர் அவற்றுக்குப் பெரும்பாலும் வெறும் நீரே. உள்ளானுக்கோ இரண்டு விரற்கடை நீரும் ஈரச்சேறும் போதும். தாழைக்கோழிக்குக் கூடு கட்டக் கோரை வேண்டும். நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் நீரோரத்து மரம் வேண்டும். இத்தனையும் அமைந்த இடம் அலைகரை ஒன்றே. அதை வெட்டி எரித்துவிட்டு, “குளத்திலே நீர் நிறைய இருக்கின்றதே, பறவை ஏன் வரவில்லை?” என்று கேட்பது, அடுப்பை அணைத்துவிட்டு விருந்தினரைப் பந்திக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வுண்மையை மேல்நாட்டாரும் நட்டம் அடைந்த பின்னரே கற்றுக்கொண்டனர். வட அமெரிக்காவின் நடுவே, கனடாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் பொதுவான பெரும் புல்வெளி ஒன்று உண்டு. முற்காலத்துப் பனிப்பாறைகள் உருகி விலகியபோது விட்டுச்சென்ற இலட்சக்கணக்கான சிறு பள்ளங்கள் அங்கே நீர் நிறைந்து கிடந்தன. அக்கண்டத்துத் தாராக்களிலே பெரும்பங்கு குஞ்சு பொரிப்பது அப்பள்ளங்களிலேதான். கோதுமை விதைக்க வந்தோர் அவற்றைப் பயனற்ற சேறு என்று எண்ணி, வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டனர். 1930களிலே பெருவறட்சி வந்தது, மண் தூளாகிப் பறந்தது, தாராக்கள் அருகின. அப்பொழுதே அந்நாட்டார் விழித்தெழுந்தனர். 1934ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றி, தாரா வேட்டையாடுவோர் ஒரு முத்திரை வாங்குதல் வேண்டும் என்று விதித்து, அப்பணத்தைக் கொண்டு நீர்நிலங்களை வாங்கிக் காத்தனர். வேட்டைக்காரன் பணத்தாலேயே பறவையின் வீடு காக்கப்பட்டது.

வடித்த பள்ளங்களை அவர்கள் மீட்டெடுத்த விதமே நாம் கவனிக்கத்தக்கது. வடிகாலை மண்ணிட்டு அடைத்தனர். நீர் தங்கிற்று. உழுது பல ஆண்டு கழிந்த நிலத்திலும், சேற்றினுள்ளே உறங்கிக் கிடந்த பழைய நீர்ச்செடிகளின் விதைகள் பல இடங்களிலே மீண்டும் முளைத்தன. நீரை மடக்கி வைக்கும் இடங்களிலே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேண்டுமென்றே நீரை இறக்கிச் சேற்றைக் காயவிடுகின்றனர். புல் முளைத்த பின் நீரை ஏற்றுகின்றனர். பரப்பிலே ஏறக்குறையப் பாதி செடியும் பாதி திறந்த நீருமாக இருக்கும் குளத்திலேதான் பறவை மிகும் என்பது அவர்கள் கண்ட அநுபவம். அங்கே மதகு திருப்பிச் செய்யும் அவ்வேலையை இங்கே மாரியும் கோடையும் கூலி வாங்காமல் செய்து தருகின்றன. நாம் அதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பெரியோர்களே, உங்கள் உள்ளத்திலே எழும் இரண்டு ஐயங்களை நாம் அறிவோம். ஒன்று, பறவையால் கமத்துக்கு நட்டம் இல்லையா என்பது. உண்டு, மறைக்க வேண்டியதில்லை. விதைத்த வயலிலே சிறகி இறங்கும்; நீலத்தாழைக்கோழி பயிரை மிதிக்கும்; நீர்க்காகம் மீன் தின்னும். ஆனால் வரம்பிலே வளை தோண்டும் நண்டைத் தின்பது கொக்கு. நத்தையைத் தின்பது நத்தைகுத்தி நாரை. இவற்றினும் பெரிய இலாபம் ஒன்றைத் தமிழ்நாட்டு வேடந்தாங்கல் காட்டுகின்றது.

வேடந்தாங்கல் செங்கற்பட்டுப் பக்கத்து ஊர். அதன் ஏரி நமது நடுத்தரக் குளம் ஒன்றின் அளவே. அங்கே நீரிலே நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான நாரையும் கொக்கும் கூடு கட்டும். அவற்றின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரநீராகின்றது என்பதைக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டளவிலே, கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டென்று எழுதிக் கொடுத்தார். 1858இலே அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இலே அது சரணாலயமாயிற்று. 2022இலே ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்ந்தது. 1971இலே ஈரான் நாட்டு ராம்சர் நகரிலே, உலகின் நீர்நிலங்களைக் காப்பதற்காக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இந்த வரிசையை நோக்குங்கள்: முதலிலே ஊர், பின்னரே அரசு, அதற்கும் பின்னரே உலகம்.

இரண்டாவது ஐயம் இதனினும் கூரியது. “தம்பி, பறவை என்று வாய் திறந்தால் நாளைக்கு எல்லைக்கல் வந்துவிடும், எங்கள் வயலும் தரவையும் எங்களுடையது அல்ல என்று சொல்லிவிடுவார்கள்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இந்த அச்சம் வெறும் கற்பனை என்று நாம் சொல்லமாட்டோம். சுண்டிக்குளம் 1938இலே சரணாலயமாகி, 2015இலே தேசிய பூங்காவாயிற்று. கொக்கிளாய் 1951இலே சரணாலயமாயிற்று. நந்திக்கடலும் நாயாறும் 2017இலே இயற்கை ஒதுக்கங்களாயின. இடம்பெயர்ந்து அலைந்து, வெறுங்கையோடு திரும்பி வந்த மக்களுக்கு, தம் நிலத்தின்மேல் இன்னொரு கோடு கீறப்படும்போது மனம் கலங்குதல் இயல்பே. நந்திக்கடற் கரையிலே 2009ஆம் ஆண்டு வைகாசியிலே நிகழ்ந்ததை இச்சபையிலுள்ளோர் எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அக்கரையிலேயே வற்றாப்பளை அம்மனின் சந்நிதியில் இன்றும் கடல்நீரில் விளக்கு எரிகின்றது. அந்நீரிலே மாரிதோறும் பறவையும் வந்து இறங்குகின்றது. அங்கே மனிதரின் துயரத்தை மறந்து பறவையைப் பற்றி மாத்திரம் பேசுபவன் அறிவிலி. மனிதனையும் பறவையையும் எதிர் எதிராக நிறுத்துபவனும் அவ்வாறே.

இந்த அச்சத்துக்கு விடை வேடந்தாங்கலிலே இருக்கின்றது என்பது நமது தாழ்மையான கருத்து. ஊர் தன் குளத்தைத் தானே காத்து, காத்ததை எழுத்திலே பதிந்து வைத்திருக்குமானால், நாளை எவர் வந்தாலும், “இதன் காவலர் நாமே; இத்தனை ஆண்டு காத்துவந்தோம்; எம்மோடு பேசுங்கள்” என்று சொல்லலாம். காவாத ஊருக்கு அப்பேச்சும் இல்லை.

போர்க்காலத்திலே வன்னியின் குளங்கள் பல கவனிப்பார் இன்றிச் சிதைந்தன. போர் ஓய்ந்தபின் புனரமைப்பு வேலைகள் நடைபெற்றன; அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெக்கோ இறக்கிக் குளத்தைச் சட்டிபோலத் தோண்டி, தோண்டிய மண்ணை அலைகரையிலே குவிப்பது புனரமைப்பு ஆகாது. செங்குத்தான கரையிலே கோரை முளையாது. கோரை இல்லாத கரையிலே மீன்கள் பல சினையிடா. இறங்கிய மாடும் ஏறமாட்டாது. 2018 மார்கழியிலே இரணைமடுவின் புனரமைப்பு நிறைவெய்திய அதே மாதத்திலே பெருமழை பெய்து, கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதை மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய நாளிலே நீரைத் தாங்கிச் சிறிது சிறிதாக விடுவன கட்டுக்கள் மாத்திரம் அல்ல. தாழ்நிலமும் தரவையும் காடும் சிறு குளங்களுமே. அவற்றை மூடினால் வெள்ளத்துக்கு நம் முற்றமே தரவை.

ஆதலால் இச்சங்கத்தின் முன்னே ஒரு வேலைத்திட்டத்தை வைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, கட்டையும் அலைகரையையும் வேறாகப் பார்த்தல். கட்டிலே மரம் கூடாது. வேர் ஓடினால் நீர் கசியும், கட்டு உடையும். கட்டிலே முளைத்ததைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். அலைகரையிலோ மரம் வேண்டும். சென்ற ஆண்டு நாம் தறித்ததற்கு ஈடாக, இவ்வாண்டு மாரிக்கு முன் அங்கே மருதும் நாவலும் நடுவோம்.

இரண்டாவது, கோரையை முற்றாக வெட்டாது, குளத்தை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கிலே மாத்திரம் வெட்டுதல். நெருப்பு வைத்தல் அறவே கூடாது. ஆனால் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் வேறு. அவை பிறநாட்டிலிருந்து வந்து நீரை மூடிக் கொல்லும் களைகள். ஆகாயத்தாமரையை ஒழிக்க இந்நாட்டிலே 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவற்றைக் கண்டவிடத்தே வேரோடு அகற்ற வேண்டும்.

மூன்றாவது, பெக்கோ வரும்போது கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே நம் வாலிபர் இருவர் எழுந்து பேசுதல். தோண்டுவது துருசடியிலும் நடுப்பள்ளத்திலும் இருக்கட்டும். கரை சரிவாகவே இருக்கட்டும்.

நான்காவது, எண்ணுதல். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டிப் பல நாடுகளிலே நடைபெற்று வருகின்றது. நமது குளத்திலும் ஒரு காலையிலே இறங்கிய பறவைகளை எண்ணி, ஒரு கொப்பியிலே எழுதி, சங்க அலுமாரியிலே வைப்போம். பத்து ஆண்டு சென்றபின் அக்கொப்பியே நமது ஊரின் உறுதிப் பத்திரம் ஆகும்.

ஐந்தாவது, கண்ணி வைத்தலும் நஞ்சிடுதலும் வெடிவைத்தலும் நம் ஊரிலே இல்லாது செய்தல். 1937ஆம் ஆண்டு முதல் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் உண்டு. ஆனால் சட்டத்தினும் முந்தியது ஊர்க்கட்டுப்பாடு.

ஆறாவதே கடினமானது. அலைகரையிலே இன்று தோட்டம் செய்து உயிர் வாழும் குடும்பங்கள் சில உண்டு. அவர்களுக்கு வேறு காணி இல்லை. அவர்களைத் துரத்திவிட்டுப் பறவை வளர்ப்போம் என்று சொல்ல நமக்கு வாய் வராது, சொல்லவும் மாட்டோம். அவர்களுக்கு மேட்டுக்காணி கிடைக்கும்படி சங்கம் அவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கும் வரையிலே, நீரோரத்திலே பத்து முழம் உழாமல் விடும்படியும், நீரண்டி மருந்தடியாமல் இருக்கும்படியும் அவர்களிடம் கேட்போம். கட்டளையாக அன்று, அயலவராகச் சென்று கேட்போம். இதிலே வெற்றி பெறுவோமா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டுக் குளம் காப்போம் என்று சொல்வது நேர்மை ஆகாது.

சபையோரே, இன்றைய பொதுக்கூட்டத்திலே இவ்வாண்டுச் சிரமதானம் பற்றிய பிரேரணை வர இருக்கின்றது. “சென்ற ஆண்டைப் போலவே” என்ற மூன்று சொற்களை அதிலிருந்து நீக்கி, நாம் கூறிய ஆறு விடயங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகின்றோம். மறுப்பு உள்ளவர் தயங்காமல் எழுந்து பேசுங்கள். நாற்பது பேரும் ஒரே மனமாக இருந்தபோதுதான் சென்ற ஆண்டு பிழை செய்தோம்.

நம்மை மொட்டையடித்தவர் என்று சொன்ன அந்த முதியவரும் இச்சபையின் பின்வரிசையிலே அமர்ந்திருக்கின்றார். ஐயா, தலை மொட்டையானால் மயிர் வளரும். குளமும் அவ்வாறே வளரும் என்று அறிவுநூல் சொல்கின்றது. சேற்றிலே விதை இருக்கின்றது. இம்முறை கோரை எதை வெட்டுவது, எதை விடுவது என்று கட்டிலே நின்று எமக்குக் காட்டித்தர வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கின்றோம். வருகின்ற மார்கழியிலே சிறகிகள் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு அப்பாற் போகாமல் இறங்குமானால், அதுவே நம் சங்கத்துக்கு இவ்வாண்டின் பரிசாகும்.